லேசர் கிளாடிங் செய்த கியர்பாக்ஸ் உறை: மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் இருக்கும் எங்கள் பட்டறையில் நாற்பது வருடப் பழைய எச்.எம்.டி. லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று ஓடுகிறது. அப்பா வாங்கியது. 2022-இல் ஷெட் மாற்றும்போது செயின் நழுவியதில், கியர்பாக்ஸ் உறையின் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விழுந்தது. மாற்று உறைக்கு எவ்வளவோ அலைந்தும் கிடைக்கவில்லை.

முதலில் நிக்கல் ராடு வைத்து ஆர்க் வெல்டிங் போட்டோம். ஒன்றரை மாதம்தான் தாங்கியது. வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை போலப் புது விரிசல். அந்த ஓரத்தில் அரம் போட்டால் பிடிக்காமல் வழுக்கியது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. உருகிய ஓரம் சட்டென்று ஆறினால் அந்தக் கார்பன் இரும்போடு சேர்ந்து, கடினமான, எளிதில் உடையும் வெள்ளை இரும்பாகிவிடும்.

அதன் பிறகுதான் லேசர் கிளாடிங்குக்குப் போனேன். லேசர் உருக்கும் சிறு புள்ளியில் ஆர்கான் வாயுவோடு நிக்கல் கலவைப் பவுடர் விழுந்து, படலம் படலமாக ஏறும். சூடு அகலமாகப் பரவாததால் கெட்டிப்படும் ஓரம் மெல்லிசாக நின்றுவிடுகிறது.

ஆனால் என்னைக் கேட்டால், பாதி வேலை லேசருக்கு முன்பே முடிந்துவிட்டது. லேசர் பட்டறைக்காரர்கள் பழைய வெல்டிங்கை முழுக்கத் தோண்டி எடுத்தார்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி இரண்டு முனையிலும் துளை போட்டார்கள். அப்புறம் கேஸ் டார்ச் தீயில் காட்டியபோது, இரும்புக்குள் ஊறியிருந்த எண்ணெய் கறுப்பு வியர்வை மாதிரி கசிந்து வந்தது. துடைப்பதும் காட்டுவதுமாக நான்கு முறை. "இத விட்டுட்டு மேல போட்டா பூரா பொத்தல் பொத்தலா வரும்ணா" என்றார் அங்கிருந்த தம்பி.

உறை திரும்பி வந்ததும் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைந்தேன். கார்பைடு டிப் எங்கும் கெட்டி தட்டித் துள்ளாமல் ஒரே சீராக வெட்டியது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

முதல் வருடம் ஊசித் துளை ஒன்றில் எண்ணெய் கசிந்தது. எபாக்ஸி வைத்து அடைத்தேன், சரியாகிவிட்டது. செலவு வெல்டிங்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பெரிய பிரஸ்ஸின் தடித்த சட்டம் உடைந்தால் இதற்குப் போக மாட்டேன். விரிசலை உலோகப் பூட்டுகளால் தைப்பது போல இணைக்கும், சூடே படாத மெட்டல் ஸ்டிச்சிங்தான் செய்வேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரிசலுக்குள் ஊறும் சிவப்பு டை அடித்துத் துடைத்துவிட்டு, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் தெளித்துப் பார்க்கிறேன். படலத்தைவிட அதை ஒட்டிய பழைய இரும்பைத்தான் உற்றுப் பார்ப்பேன், வெல்டிங் விட்டது அங்கேதானே. போன மாதமும் பார்த்தேன். வெள்ளைப் பூச்சில் ஒரு சிவப்புக் கோடுகூட எழவில்லை.