நனையும் கந்தகம் 80%: மருந்து நல்லது, கூடச் சேர்த்து விற்கிற கதைதான் பொய்

மிளகாயிலும் வெண்டையிலும் சாம்பல் நோய் (இலையில் வெள்ளைப் பொடி மாதிரி படிகிற பூஞ்சை) பரவ ஆரம்பித்ததும் வாங்கிய கந்தக மருந்து இது. 80% டபிள்யூ.டி.ஜி, தண்ணீரில் போட்டதும் கலைந்து பரவுகிற குருணை. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. லிட்டருக்கு 2 கிராம் போட்டு, இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடித்தால் புதிதாகப் பரவுவது நிற்கும், சிலந்திப் பேனும் குறையும். ஏற்கெனவே வெளுத்துப்போன இலை பழையபடி ஆகாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். முன்பு தூள் கந்தகம் தூவினால் கண்ணெல்லாம் எரியும், குருணையில் அந்தத் தொல்லை குறைவு.

எரிச்சல் வேறு இடத்தில். பக்கத்துக் கடையை விட அதிக விலை சொன்னதால் ஏன் என்று கேட்டேன். "இது நம்ம நாட்டு எரிமலைக் கந்தகம் சார், மண்ணிலிருந்து வெட்டி எடுத்தது, கெமிக்கல் கிடையாது" என்றார் விற்றவர். நம்ம நாட்டில் எந்த எரிமலையில் கந்தகம் வெட்டுகிறார்கள்? லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிக் கொஞ்சம் கந்தகம் உண்டு, ஆனால் வெட்டி எடுத்து விற்கிற அளவுக்கு இந்தியாவில் எங்கேயும் கிடையாது. பீகாரில் அம்ஜோர் என்ற இடத்தில் பைரைட்ஸ், அதாவது இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம், தோண்டினார்கள். அந்தச் சுரங்கமும் மூடி ரொம்ப நாளாகிறது.

இன்று இந்தியாவில் கிடைக்கிற கந்தகம் பெரும்பாலும் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் பிறப்பது. ஜாம்நகர், பாரதீப், கொச்சி, நம்ம மணலி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கச்சா எண்ணெயில் இருக்கிற கந்தகத்தை ஹைட்ரஜனோடு சேர்த்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிக்கிறார்கள் (அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் ஆளையே கொல்லும்). அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்தால் சல்பர் டை ஆக்சைடு, அதை மீதி வாயுவோடு வினையூக்கி மேல் செலுத்தினால் கந்தகமும் நீராவியும். 1883-இல் கிளாஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய முறையின் வாரிசுதான் இது. உருகிய நிலையில் வெளியே வரும், ஆறினால் மஞ்சள் கட்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்க வேண்டியிருந்தது, அப்படி எடுத்ததை எங்கேயாவது விற்றுத்தானே ஆக வேண்டும். அதுவும் போதாமல் வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வேறு இறக்குகிறோம். பெரும்பகுதி கந்தக அமிலமாகி உரத் தொழிற்சாலைக்குப் போய்விடும், நம் மருந்துப் பொட்டலத்துக்கும் சிவகாசிப் பட்டாசுக்கும் வருவது கொஞ்சம்தான்.

ஆலையில் வந்ததென்று மட்டம் இல்லை, கந்தகம் கந்தகம்தான். இயற்கை விவசாயத்திலும் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. எரிமலைக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு குறை, எச்சரிக்கையெல்லாம் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. வெயில் 35 டிகிரியைத் தொடுகிற நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். பூசணி, வெள்ளரி வகைகளில் சிலது கந்தகம் தாங்காது, ஒரு செடியில் பார்த்துவிட்டு அடிக்கலாம்.

மருந்துக்கு ஐந்துக்கு நான்கு. கடைக்கு ஒன்றுகூட அதிகம்.