கிளாசுக்குள் கரண்ட் விட்டு ஆர்.ஓ. மெஷின் விற்கிறார்கள்: கொழும்புத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் கவனிக்கவும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் "இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை" என்று சொல்லிக் கதவைத் தட்டுகிறார்கள். பயங்காட்டி ஆர்.ஓ. மெஷினை, அதாவது மெல்லிய சவ்வால் தண்ணீரை வடித்து உப்பை நீக்கும் மெஷினை, விற்றுவிட்டுப் போகிறார்கள். பகலில் தனியாக இருக்கும் வயதானவர்களும் கைக்குழந்தை உள்ள வீடுகளும்தான் இவர்களுடைய குறி. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு வீட்டாரை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முதலில் எழுதுகிறோம். மற்ற இடங்களிலும் இதே வித்தைதான் நடக்கிறது.

வந்தவர் கம்பனி ரீசேர்ட் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். குசினிக் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்தார். தன் பையிலிருந்த போத்தலில் இருந்து இன்னொரு கிளாஸ் ஊற்றினார். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி ஒன்றை இரண்டு கிளாசின் மேலும் வைத்து பிளக்கைப் போட்டார். குழாய்த் தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு துருநிறமாகி, கடைசியில் சேறு மாதிரித் திரண்டது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே நின்றது. "இதைத்தான் அம்மா இவ்வளவு காலமும் குடிச்சிருக்கிறீங்கள். பேரப்பிள்ளைக்கும் இதையே குடுக்கப்போறீங்களோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் ஏதோ இரண்டு துளி விட்டார். அது மஞ்சளானது. "பாருங்கோ, நஞ்சு" என்றார். முற்பணம் காசாகக் கைமாறியது, மிச்சம் தவணையில். பற்றுச்சீட்டு இல்லை. கையில் கொடுத்தது விலாசமோ பதிவு இலக்கமோ இல்லாத ஓர் ஓர்டர் போம்.

மெஷின் பூட்டிச் சில மாதங்களில் அதிலிருந்து வந்த தண்ணீர் மணக்கத் தொடங்கியது. கொடுத்த நம்பருக்கு எடுத்தால் பதில் இல்லை. ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வாசலில் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் கொலிபோம் (அசுத்தம் கலந்ததைக் காட்டும் கிருமி வகை) இல்லை. மெஷினிலிருந்து வந்த தண்ணீரில் இருந்தது.

கிளாசுக்குள் நடந்தது இதுதான். அந்தக் கம்பிகளில் பாதி இரும்பு, பாதி அலுமினியம். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்பு முதலில் பச்சை ஐதரொட்சைட்டாகி, காற்றுப் பட்டதும் துருவாக மாறும். நீங்கள் பார்த்த சேறு முழுவதும் அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. பழைய கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் இரும்புக் கம்பிகள் அரித்து மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அவர் போத்தலில் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் கரண்ட் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை.

அவருடைய "சுத்தமான" கிளாசில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். செவ்விளநீரை ஊற்றி வைத்தாலும் நிறம் மாறும். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டவுடனேயே பையை மூடிவிடுவார்கள். ஆனால் கருவி பிளக்கில் இருக்கும்போது கிளாசையோ கம்பியையோ தொடவேண்டாம். அதில் ஓடுவது வீட்டுக் கரண்ட். பிள்ளைகளை மேசைக்குக் கிட்ட விடவே கூடாது.

பேனா மாதிரி இருக்கும் ரி.டி.எஸ். மீற்றரையும் இதே நோக்கத்தோடுதான் காட்டுவார்கள். அது அளப்பது கரைந்த உப்பின் அளவை மட்டும்தான். கிருமி அதற்குத் தெரியாது. மலக்குழித் தண்ணீர் கசிந்து கலந்த சம்ப் (நிலத்துக்குக் கீழ்த் தாங்கி) தண்ணீரிலும் அது சின்ன எண்ணைக் காட்டலாம், நல்ல ஊற்றுநீர் போத்தலில் பெரிய எண்ணைக் காட்டலாம். குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரத்தில் கரைந்த திண்மங்களுக்கு உள்ள எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். களனி கங்கைத் தண்ணீர் மென்னீர், அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழகியவர்களுக்குக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப்படை தெரியும். கொழும்பில் கேத்தல் அப்படிப் படைகட்டுவதில்லை. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கடினநீரும் புளோரைட்டும் சிறுநீரக நோயும் இருப்பதால் அங்கே ஆர்.ஓ. நிலையங்கள் போட்டிருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளவத்தையில் விற்பதுதான் மோசடி.

கொழும்புக்கு வரும் தண்ணீர் அம்பத்தலே, பியகம நிலையங்களில் களனி ஆற்றிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுக்கப்படுகிறது. படியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த மஞ்சள் துளி காட்டியது இந்தக் குளோரினைத்தான். குழாயின் கடைசி முனை வரை லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 5 மில்லிகிராம் வரை உடலுக்குக் கேடில்லை என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. மஞ்சள் வந்தது நல்ல செய்தி. வராமல் இருந்திருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

அந்தப் பரிசோதனையை நீங்களே செய்யலாம். நீச்சல் தடாகச் சாமான் விற்கும் கடைகளில் குளோரின் சோதிக்கும் டி.பி.டி. கிட் அல்லது பட்டி கேட்டு வாங்குங்கள். குளோரின் இருந்தால் இதில் மஞ்சள் அல்ல, இளஞ்சிவப்பு நிறம் வரும். சோதித்த தண்ணீரைக் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள். முதலில் மீட்டருக்குப் பக்கத்துக் குழாயில், அதாவது சம்புக்குப் போகுமுன், இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு குசினிக் குழாயில் பாருங்கள். மீட்டரில் நிறம் வந்து குசினியில் வரவில்லை என்றால் உங்கள் சம்போ மேல் தாங்கியோ குளோரினைத் தின்கிறது. அழுக்கு இருக்கிறது, அல்லது தண்ணீர் நாட்கணக்கில் தேங்கி நிற்கிறது. மீட்டரிலேயே நிறம் இல்லை என்றால் நீர் வழங்கல் சபையின் 1939க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் அனுபவத்தில் கோளாறு அநேகமாக மீட்டருக்கு இந்தப் பக்கம்தான். நிலத்துக்குக் கீழே உள்ள சம்ப், மலக்குழிக்கோ கழிவுக்கானுக்கோ கிட்ட இருக்கும். சுவரில் மயிரளவு வெடிப்புப் போதும். சம்ப் நிறைந்திருக்கும்போது தண்ணீர் வெளியே கசியும், மட்டம் இறங்கினால் வெளித்தண்ணீர் உள்ளே வரும். மூடி நிலமட்டத்தில் இருந்தால் ஒரு பெருமழைக்கே முற்றத்துத் தண்ணீர் இறங்கிவிடும். 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் ஏறிய வீடுகளில் சம்பைக் கழுவாமல் மோட்டரைப் போட்டிருந்தால் மேல் தாங்கியும் சேர்த்துக் கெட்டிருக்கும். சிலர் மெயின் லைனில் நேரே மோட்டரைப் பூட்டி உறிஞ்சுகிறார்கள். அது சட்டவிரோதம். குழாயில் அமுக்கம் குறையும்போது பக்கத்து மூட்டுகளால் கான் தண்ணீர் உள்ளே இழுபடும், அதைக் குடிப்பது அயலில் உள்ள எல்லா வீடும்தான்.

மேல் தாங்கியில் மூடி பொருந்தாமல் இருப்பதுதான் முதல் குற்றவாளி. மேலதிக நீர் வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் நுண்ணிய வலை கட்டாவிட்டால் பல்லி, கரப்பான், டெங்கு நுளம்பு எல்லாம் உள்ளே போகும். தண்ணீர் வெளியேறும் குழாய் அடியிலிருந்து ஓரிரு அங்குலம் மேலே இருப்பதால் வண்டல் அடியில் தங்கிக்கொண்டே வரும். தண்ணீர் வெட்டு நாளில் மட்டம் இறங்கும்போது அந்த வண்டல் கலங்கிக் குழாயால் வரும். அதைப் பார்த்துத்தான் "பைப் தண்ணீர் பழுது" என்று முடிவுகட்டுகிறார்கள்.

சம்பையும் மேல் தாங்கியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். உள்ளுக்கு வரும் வால்வைப் பூட்டி, தண்ணீரை வடித்து, சுவரையும் அடியையும் தும்பு பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை முழுக்க எடுங்கள். சவர்க்காரம் வேண்டாம். சேற்றோடு குளோரின் போட்டால் குளோரின் சேற்றிலேயே தீர்ந்துவிடும், அதனால் தேய்ப்புத்தான் முக்கியம். பிறகு 1000 லீற்றர் தாங்கிக்கு ரி.சி.எல். தூள் (பிளீச்சிங் பவுடர்) 170 கிராம் எடுங்கள். இது 30 வீதம் குளோரின் உள்ள புதுத் தூளுக்கான கணக்கு, லீற்றருக்குச் சுமார் 50 மில்லிகிராம் வரும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த தூளில் பலம் இருக்காது. வாளித் தண்ணீருக்குள் தூளைப் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே உள்ள தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றி, தாங்கியை நிரப்புங்கள். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து குளோரின் மணம் வந்ததும் பூட்டுங்கள். அப்போதுதான் குழாய்க்குள்ளும் வேலை நடக்கும். 24 மணித்தியாலம் விடவேண்டும். அவ்வளவு நேரம் முடியாத தொடர்மாடியில் தூளை இரட்டிப்பாக்கி 8 மணித்தியாலம் விடலாம். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரைப் பாவிக்காதபடி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அறிவித்தல் ஒட்டுங்கள். பிறகு முழுவதையும் வடித்து, புதுத் தண்ணீரில் கழுவி நிரப்புங்கள்.

இரண்டு விஷயத்தில் உயிராபத்து உண்டு. ரி.சி.எல். உள்ள இடத்தில் டொய்லெட் கழுவும் அசிட்டைக் கொண்டுவரக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆழமான சம்புக்குள் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, மோட்டரின் மெயின் சுவிட்சை ஓஃப் செய்து, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

கழுவுவது உங்கள் கையில் இல்லை என்றால் கொதிக்கவையுங்கள். குமிழி பொங்கிப் புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி போய்விடும், அரைமணித்தியாலம் காஸை எரிக்கத் தேவையில்லை. அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாளுக்குள் முடியுங்கள். கொதித்த தண்ணீரில் குளோரின் இராது. கப்பைவிட்டு மொண்டால் மறுபடியும் கிருமி சேரும். வறட்சியில் களனியில் கடல்நீர் ஏறித் தண்ணீர் உவர்த்தால் கொதிக்கவைப்பதால் உப்புப் போகாது.

மெஷினில் கொலிபோம் வந்ததற்குக் காரணமும் குளோரின்தான். ஆர்.ஓ. மெஷினில் கார்பன் பில்டர் முதலில் குளோரினை எடுத்துவிடும். அதன்பிறகு தண்ணீர் சின்னத் தாங்கியொன்றில் காவலில்லாமல் நிற்கிறது. பில்டர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, தாங்கியையும் கழுவினால் சரி. யாரும் வராத மெஷினில் கிருமி வளரும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று லீற்றர் கானுக்குப் போய் வீணாவது வேறு.

பயந்து 19 லீற்றர்ப் போத்தலுக்கு மாறுபவர்களும் கவனிக்கவேண்டும். முறையான கம்பனிப் போத்தலில் பிரச்சினை இல்லை. வெற்றுப் போத்தலைச் சேர்த்துக் குழாய்த் தண்ணீரையோ குழாய்க் கிணற்றுத் தண்ணீரையோ நிரப்பி, கழுத்தில் பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டி ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் உறையை நம்பவேண்டாம். அதன்மேல் கம்பனிப் பெயர் அச்சிட்டிருக்கிறதா, மூடியின் கிழிக்கும் பட்டி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எல்.எஸ். 894 முத்திரை, சுகாதார அமைச்சின் பதிவு இலக்கம், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்கவேண்டும். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே கீறலோ பச்சைச் சாயலோ தெரியக்கூடாது. பச்சை என்றால் பாசி, வெயிலில் கிடந்திருக்கிறது. போத்தலைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரின் கிண்ணத்தைப் பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து கழுவியதே இல்லை. விரலைவிட்டுப் பாருங்கள், வழுவழுப்பு இருக்கும். போத்தல் மாற்றும்போது அதைத் தேய்த்துக் கழுவாவிட்டால் எந்தக் கம்பனித் தண்ணீரும் அங்கேயே பழுதாகும்.

செலவுக்கும் ஒரு கணக்கு: பில்லில் வரும் ஒரு யூனிட் 1000 லீற்றர், அதாவது 52 பெரிய போத்தலுக்கு மேல். சின்னப் போத்தல்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வர்த்தமானியில் உச்ச விலை போட்டார்கள்: 500 மி.லீ. 70 ரூபா, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130.

ஏற்கெனவே மெஷின் வாங்கி ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், அதனால் "வருவார், வருவார்" என்று காத்திருக்கவேண்டாம். பற்றுச்சீட்டு கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. தராவிட்டால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். ஓர்டர் போம், தவணை கட்டிய வங்கித் துண்டு, வந்தவருடைய அடையாள அட்டையின் படம், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வுகூட அறிக்கை இருந்தால் முறைப்பாடு பலமாக நிற்கும். அதற்கு மாதிரியைத் தண்ணீர்ப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வுகூடமே கிருமிநீக்கிய போத்தல் தரும், அதற்குள் இருக்கும் மருந்தைக் கழுவி ஊற்றக் கூடாது, அது குளோரினை நிறுத்துவதற்குப் போட்டது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் கைபடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்படையுங்கள். மெஷின் குழாயில் ஒன்று, மீட்டர்க் குழாயில் ஒன்று என்று இரண்டு மாதிரி ஒரே நாளில் கொடுங்கள்.