ரோமத் தெய்வங்கள் ஆறு: திருகோணமலையில் விற்கும் வெள்ளிப் பிரதிக் காசுகள்

கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலுள்ள ஒரு நினைவுப்பொருள் கடையில், தெனாரியஸ் எனப்படும் பழைய ரோம வெள்ளிக் காசுகளின் வெள்ளிப் பிரதிகள் ஆறு ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. பெட்டியிலேயே 'பிரதி' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கே ஒரு பாராட்டு.

நம் கோயில் சிற்பம்போல, கையில் இருப்பதை வைத்தே இங்கும் தெய்வத்தைச் சொல்லிவிடலாம். சுக்கானும் செல்வக் கொம்பும் என்றால் அதிர்ஷ்ட தேவி ஃபோர்த்தூனா. தலைக்கவசமும் ஈட்டியும் என்றால் அறிவின் தேவி மினெர்வா. ரோமப் பேரரசர் தொமிதியன் விரும்பி அச்சிட்ட தெய்வம். பலிபீடத்திலிருந்து எழும் பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டுபவள் நலத்தின் தேவி சலுஸ். பாம்பின் வளைவு அருமையாக விழுந்திருக்கிறது.

பெட்டியின் சிறந்த காசு பேரரசர் திபேரியஸுடையது. பின்புறம் கிளையும் செங்கோலும் ஏந்தி அமர்ந்த பெண்ணை அவருடைய தாய் லிவியா என்பார்கள் பலர். தென்னிந்தியப் புதையல்களில் நிறையக் கிடைத்த வகை இது.

ரோமா தேவியின் காசு ஏமாற்றம். பின்புறக் குதிரைவீரர் இரட்டையரின் தலைக்கு மேலுள்ள நட்சத்திரங்கள் மழுங்கிவிட்டன. ரோமாவின் பிடரிக்குப் பின்னுள்ள, பத்து அஸ் (ரோமரின் சிறு நாணயம்) மதிப்பைக் குறிக்கும் எக்ஸ் வெறும் கீறலாகத் தெரிகிறது. காரணம், அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்தது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், குதிரை வயிற்றில் குமிழிக் குழிகளும் உண்டு.

எடையிலும் பிழை. ஆறும் 3.70 கிராம். அசலில் குடியரசுக் காலத்துக் காசு ஏறத்தாழ 3.9, கி.பி. 64இல் பேரரசர் நீரோ குறைத்தபின் சுமார் 3.4.

வெள்ளி அசல்தான். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடி தொடாமல் அமிழ்த்துங்கள். காசு விலக்கிய நீரின் எடையாக 0.36 காட்டும், 3.70ஐ அதனால் வகுத்தால் 10.28, ஏறத்தாழ வெள்ளியின் அடர்த்தி. செம்பென்றால் 0.41 வரும். காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்குக் கெடும், நூலை ஒருமுறை சுண்டிவிடுங்கள்.

விபூதி போட்டுத் துலக்க வேண்டாம். முதலில் தேய்வது தெய்வத்தின் மூக்குத்தான். பீவீசி பிளாஸ்டிக் உறையும் கூடாது, பச்சையாகப் பிசுபிசுக்கும். உப்புக் காற்றுள்ள ஊர், சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

"இங்கே தோண்டி எடுத்த அசல்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இலங்கையில் கிடைத்த ரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். மண்ணிலிருந்து எடுக்கும் தொல்பொருள் 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுடைமை.

தனித்தனியாகவும் தருகிறார்கள். பெட்டி முழுதும் வேண்டாமென்றால் திபேரியஸையும் சலுஸையும் கேளுங்கள்.