ஸ்ட்ராஸ்பூர்க், ஜெனீவா, சான் ஹோசே: எந்தத் தீர்ப்பு அரசின் கையைக் கட்டும்?

இரண்டு தமிழர்களின் வழக்குகள். இருவருமே இலங்கைப் படையினரிடம் பிடிபட்டவர்கள். உள்நாட்டுக் கதவுகள் எல்லாம் அடைபட்ட பிறகு சர்வதேச அமைப்பிடம் போனார்கள். இருவரும் ஜெயித்தார்கள். ஆனால் ஜெயித்த பிறகு நடந்தது வேறு வேறு.

முதலாமவர் நீதிமன்ற ஆவணங்களில் 'என்.ஏ.' என்ற இரண்டு எழுத்துகளாக மட்டும் இருக்கிறார். 1990க்கும் 1997க்கும் இடையில் அவரை இராணுவம் ஆறு முறை பிடித்துவைத்தது. தடியால் அடித்த தழும்புகள் காலில் இருந்தன. 1999இல் பிரிட்டன் போய் அடைக்கலம் கேட்டார், கிடைக்கவில்லை. 2007இல் அவரை விமானம் ஏற்ற நாள் குறித்தாயிற்று. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: அனுப்பாதே. பிரிட்டன் அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் இதே போன்ற உத்தரவு 342 தமிழர்களுக்குக் கிடைத்திருந்ததாக 2008 ஜூலைத் தீர்ப்பே சொல்கிறது. அவரைத் திருப்பி அனுப்பினால் சித்திரவதைத் தடையை மீறியதாகும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

இரண்டாவது, சட்டப் புத்தகங்களில் சிங்கராசா வழக்கு என்று வரும். 1993இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். தனக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் கட்டாயப்படுத்திக் கைநாட்டு வாங்கினார்கள் என்றார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, வாக்குமூலம் கட்டாயத்தால் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். அந்த ஒரு காகிதத்தை வைத்து 50 ஆண்டு தண்டனை, மேன்முறையீட்டில் அது 35 ஆண்டானது. ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் நின்றது: நியாயமான விசாரணை நடக்கவில்லை, விடுதலை செய்யுங்கள் அல்லது மறுபடி விசாரியுங்கள், இழப்பீடும் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு அவர் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு (இலங்கையில் உச்ச நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர்) போனார். 2006 செப்டம்பரில் மனு தள்ளுபடி.

(நம் செய்திகளில் இந்தக் குழுவையும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையையும் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள். பேரவை நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் அரசியல் அவை. குழுவில் இருப்பது 18 சுயாதீன நிபுணர்கள்.)

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்ட்ராஸ்பூர்க் கையாளும் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனமும் ஜெனீவா கையாளும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையும் உரிமைகளைச் சொல்லும் விதத்தில் பெரிய தூரமில்லை. தூரம் இருப்பது தீர்ப்புக்குப் பிறகு. ஐரோப்பிய சாசனத்தின் 46ஆம் பிரிவு, இறுதித் தீர்ப்புக்கு அரசுகள் கட்டுப்பட வேண்டும் என்று நேராகச் சொல்கிறது. நிறைவேறும் வரை கேட்டுக்கொண்டே இருக்க உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு இருக்கிறது. அதற்கு மேல், பிரிட்டன் தன் 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் மூலம் அந்த உரிமைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. லண்டன் நீதிபதி ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். ஜெனீவாவிலிருந்து வருவதற்குத் தீர்ப்பு என்ற பெயரே கிடையாது, 'கருத்து' என்றுதான் பெயர்.

ஆனால் அந்தப் பெயரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இலங்கை 1980இல் உடன்படிக்கையில் சேர்ந்தது, 1997இல் தனிநபர் முறையீட்டுக்கான விருப்ப நெறிமுறையிலும் சேர்ந்தது. என் குடிமக்கள் உங்களிடம் முறையிடலாம் என்று வாக்குக் கொடுத்தது அந்த அரசுதான். ஒன்பது ஆண்டு கழித்து அதன் உயர் நீதிமன்றம் சொன்னது: நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல், வெளி அமைப்புக்கு நீதி அதிகாரம் தருவதுபோல ஜனாதிபதி கையெழுத்திட்டது அரசியலமைப்புக்கு முரண். சரி, அரசியலமைப்பு வாதமாக அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கைதி கேட்டது அதிகாரப் பகிர்வு பற்றிய விளக்கம் இல்லையே. அந்தக் கைநாட்டை மறுபடி ஒருமுறை பாருங்கள் என்றுதான் கேட்டார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கும் எல்லா இடத்திலும் கடிப்பதில்லை. கைதிகள் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக வாக்குரிமை மறுப்பது தவறு என்று 2005இல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2011இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 234க்கு 22 என்று தடையை ஆதரித்து வாக்களித்தது. நிர்வாக அளவில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து, 2018 டிசம்பரில்தான் கோப்பை மூடினார்கள். துருக்கி இன்னும் மோசம். சிறையில் இருந்த சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கச் சொல்லி 2019இல் தீர்ப்பு, 2022இல் அவருக்கு ஆயுள் தண்டனை. ரஷ்யா அந்த ஐரோப்பிய சாசனத்திலேயே இப்போது இல்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், விமானத்தை நிறுத்து என்பது போல ஒன்றைச் செய்யாமல் இருக்கச் சொல்லும்போது ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் பலம் அதிகம். சட்டத்தை மாற்றச் சொல்லும்போது இழுபறிதான்.

பழைய கொலைகளுக்கு நீதி வேண்டுமென்றால் நான் சான் ஹோசேயைத்தான் முன்னால் வைப்பேன். கோஸ்டா ரிக்காவின் அந்தத் தலைநகரில்தான் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. 1991இல் பெருவின் தலைநகர் லிமாவின் பார்ரியோஸ் அல்தோஸ் பகுதியில் ஒரு விருந்துக்குள் புகுந்து இராணுவக் கொலைப்படை 15 பேரைச் சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் எட்டு வயதுப் பையனும் ஒருவன். 1995இல் பெரு பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. 2001இல் சான் ஹோசே நீதிமன்றம், அந்தச் சட்டத்துக்குச் சட்ட வலுவே இல்லை என்றது. பெரு நீதிபதிகள் அதைக் கையில் எடுத்து வழக்குகளைத் திறந்தார்கள். முன்னாள் அதிபர் ஃபுஜிமோரிக்கு 2009இல் 25 ஆண்டு தண்டனை. பிற்பாடு 2023இல், சான் ஹோசே நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லியும் அவரை வெளியே விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆசியாவில் இருக்கும் நமக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கும் இல்லை, சான் ஹோசேயும் இல்லை. இந்தியா 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தது, விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே சென்னையிலிருந்து அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையீடே போட முடியாது. இருந்தும் 1997இல் விசாகா வழக்கில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை எடுத்து, வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2013இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை அதுவே சட்டம். எந்தச் சர்வதேச நீதிபதியும் கேட்கவில்லை. டெல்லி நீதிபதிகளுக்கு மனம் இருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் ஓர் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்று யாராவது கேட்டால், கையெழுத்துப் பட்டியலை விட்டுவிட்டு உள்ளூர் நீதிபதி அதை என்ன செய்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிங்கராசா தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 2007இல், இலங்கையும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. ஜெனீவாவின் கருத்தை நிறைவேற்ற அதில் வழி வைக்கவில்லை. வெறுப்புத் தூண்டலுக்கு எதிராக அதில் இருக்கும் 3ஆம் பிரிவைக் காட்டி 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளரைக் கைது செய்தார்கள். ஒரு சிறுகதைக்காக அவர் நான்கு மாதம் சிறையில் இருந்தார்.