முதலாளி வேட்பாளரின் சொத்துக் கணக்கு: மூன்று இணையச் சேவைகள், எல்லையோரத் தமிழருக்கு

தொழிலதிபர் ஒருவர் தேர்தலில் இறங்கினால் மறுநாள் பேப்பரில் கோடிக் கணக்கில் ஒரு தொகை வரும். அதை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வேட்பாளர் மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தின், அதாவது படிவம் 26இன், கடைசிப் பகுதியில் வரும் சுருக்கம். முதலாளிகள் விஷயத்தில் பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் இரண்டு மூன்று வரிசைகள்தான். அவற்றைக் காட்டும் இலவசச் சேவைகள் மூன்று: தேர்தல் ஆணையத்தின் அஃபிடவிட் தளம், ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ ஆப், ஏடிஆர் என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் மைநேதா தளம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வாளையார், ஆந்திரத்தின் நகரி, குப்பம் பக்கத்துத் தமிழ் வாக்காளருக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்புரை.

ஆப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேட்பாளர் மீது குற்ற வழக்கு உண்டா இல்லையா என்று உடனே தெரியும். சொத்து விவரத்துக்கு அது பிரமாணப் பத்திரத்தைத்தான் திறந்து காட்டும். போனின் சின்னத் திரையில் பல நெடுவரிசை அட்டவணையைப் படிப்பதற்குள் கண் போய்விடும்.

ஆணையத்தின் தளம்தான் மூல ஊற்று. மனு தாக்கலான 24 மணி நேரத்துக்குள் பத்திரத்தை ஏற்றவேண்டும் என்பது விதி. தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் போங்கள். கேரளத்தில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர் என்பதால் மாநிலத்தை முதலில் சரியாகப் போடாவிட்டால் வேறு ஊர்க்காரரின் சொத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரே வேட்பாளர் நான்கு மனு வரை போடலாம். ஒரே பெயர் பல முறை வரும். கடைசியாகத் தாக்கலானதை எடுங்கள், முந்தையதில் விட்ட கட்டத்தை அதில்தான் நிரப்பியிருப்பார்கள். குறை என்னவென்றால், பல பிடிஎஃப்கள் வெறும் ஸ்கேன். தேட முடியாது, சில பக்கங்கள் கவிழ்ந்து கிடக்கும், நோட்டரி முத்திரை தொகையின் மேலேயே விழுந்திருக்கும்.

மொழி அடுத்த தொல்லை. பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நகரிப் பக்கம் தெலுங்கும் வரும். இதற்கு ஒரு வழி உண்டு. படிவம் 26 நாடு முழுக்க ஒன்றுதான், பத்தி எண்களும் மாறாது. தமிழ்நாட்டு வேட்பாளர் யாராவது தமிழில் தாக்கல் செய்த பத்திரம் ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எண்ணைப் பார்த்தே எந்தக் கட்டத்தில் என்ன என்று புரிந்துவிடும்.

இனி உள்ளே போவோம். கற்பனைக் குடியரசு ஒன்றில் ஒரு இரும்பாலை முதலாளிக்கு மந்திரியாக ஆசை வந்துவிட்டது, அங்கும் நம் படிவம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆலை அவர் பெயரில் இருக்காது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரில் இருக்கும். கம்பெனிக்கு 12 ஏக்கரும் கட்டடமும் இருந்தாலும் அவருடைய அசையா சொத்துப் பட்டியலில் ஒரு சென்ட் கூட வராது. அவர் காட்டவேண்டியது பத்தி 7இன் அசையும் சொத்து அட்டவணையில், மூன்றாவது வரிசையான பங்குகளை மட்டும். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் சந்தை விலை, பட்டியலாகாத கம்பெனி என்றால் கணக்குப் புத்தக மதிப்பு என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. பத்து ரூபாய்ப் பங்கு ஒரு லட்சம் வைத்திருப்பவர் முகமதிப்பைப் போட்டால் பத்து லட்சத்தோடு முடிந்தது. நிலம் முப்பது வருடத்துக்கு முந்தைய விலையில் புத்தகத்தில் தூங்கும்.

ஆக, பட்டியலான கம்பெனிக்காரர் பெரும் பணக்காரராகத் தெரிவார், குடும்பக் கம்பெனிக்காரர் நடுத்தர வர்க்கம் போலத் தெரிவார். குண்டூரில் 2014, 2019 தேர்தல்களில் வென்ற கல்லா ஜெயதேவ், திருப்பதிப் பக்கத்து அமர ராஜா பேட்டரிக் குழுமத்துக்காரர்; அது பட்டியலான கம்பெனி.  இப்படிப்பட்டவரின் தொகையையும், குடும்பக் கம்பெனி வைத்திருப்பவரின் தொகையையும் ஒரே தராசில் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

அதே அட்டவணையில் ஐந்தாவது வரிசையை விடாதீர்கள்: தனிநபருக்கும் நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன். சொந்தக் கம்பெனிக்கே முதலாளி கொடுத்த பணம் இங்கேதான் வரும், கம்பெனிகளின் பெயரும் இங்கே கிடைக்கும். அந்தப் பெயரைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் போட்டால் அடிப்படை விவரம் இலவசம். 100 ரூபாய் கட்டினால் ஆண்டுக் கணக்கையும் பார்க்கலாம். (ஆறாவது வரிசையில் வாகனங்களோடு விமானம், உல்லாசப் படகு, கப்பல் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒரு இன்னோவாதான் நிற்கும்.) கம்பெனிக் கடனுக்கு முதலாளி போட்ட சொந்த ஜாமீனைக் காட்டத் தனிக் கட்டமே இல்லை. இது படிவத்தின் பெரிய ஓட்டை.

தொழிலதிபர் என்றால் நேராகப் போகவேண்டிய இடம் படிவத்தின் பத்தி 9பி. வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர், அவர்கள் பங்கு வைத்திருக்கும் கூட்டு நிறுவனங்கள், பிரைவேட் கம்பெனிகள் ஆகியோர் அரசோடு செய்த ஒப்பந்தங்கள் இங்கே வரவேண்டும். வேட்பாளர் தாமே அரசுக்குப் பொருள் வழங்கவோ வேலை செய்யவோ நடப்பிலுள்ள ஒப்பந்தம் வைத்திருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி தகுதியே போய்விடும். அதனால்தான் இந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதும்போது எல்லோருக்கும் கை கொஞ்சம் நின்று எழுதும்.

மைநேதா இந்த மூன்றில் படிக்க லகுவானது. ஸ்கேனைப் பார்த்துத் தட்டச்சு செய்து, முந்தைய தேர்தல்களோடு ஒப்பிட்டும் காட்டுகிறது. அதில் நமக்கு மிகவும் பயன்பட்டது அட்டவணையின் அடியில் வரும் இரண்டு வரிகள்: பத்திரத்தில் உள்ள மொத்தம் ஒன்று, தளமே கூட்டிப் பார்த்த மொத்தம் இன்னொன்று. இரண்டும் வேறாக இருந்தால் உடனே மூலப் பிடிஎஃபுக்குப் போங்கள். கையெழுத்து புரியாமல் ஒரு சைபர் கூடியிருக்கலாம், வேட்பாளரின் ஆடிட்டரே கூட்டலில் சறுக்கியிருக்கலாம். எல்லாம் ஆங்கிலத்தில் என்பது குறை.

நிலத்தைச் சரிபார்க்கும்போது அளவு குழப்பும். தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். கேரளத்தில் ஏர், சென்ட். ஆந்திரத்தில் ஏக்கர், சென்ட். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 4-85.50 (4 ஹெக்டேர், 85.50 ஏர்) என்று இருந்தால் ஏறக்குறைய 12 ஏக்கர். பொள்ளாச்சியில் தோப்பும் கஞ்சிக்கோட்டில் ஆலையும் உள்ளவரின் பட்டியலில் இரண்டு கணக்கும் கலந்து வரும், மொத்தத்தை நீங்களேதான் மாற்றிக் கூட்டவேண்டும்.

தப்பு தெரிந்தால் தேர்தல் அதிகாரியிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதையும் பார்வைக்கு வைப்பார்கள். தகவல் பொய் என்பதற்காக மட்டும் பரிசீலனையில் மனுவைத் தள்ள மாட்டார்கள். கட்டங்களைக் காலியாக விட்டு, அதிகாரி சொன்ன பிறகும் நிரப்பாவிட்டால்தான் தள்ளுபடி. இது 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொய்ப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இல்லை இரண்டுமே. வென்றவரை எதிர்த்துத் தேர்தல் வழக்குப் போட அந்தத் தொகுதி வாக்காளருக்கும் உரிமை உண்டு: முடிவு வந்த 45 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில், 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டி. கொழிஞ்சாம்பாறைக்காரர் எர்ணாகுளம் போகவேண்டும், நகரிக்காரர் அமராவதி.