ஆக்ரோஷத்தை அளக்கும் மூன்று பொத்தான்கள்: பி.எஸ்.ஏ.பி. சோதனை ஒரு மதிப்பீடு

கோபம் தலைக்கேறும் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்பதை ஸ்கேன் மூலம் அறிய வேண்டுமானால், யாருக்கும் காயம் நேராமல் அந்தக் கோபத்தை வரவழைக்க ஒரு வழி வேண்டும். அதற்காக ஆய்வுக்கூடங்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கிவருவது, அமெரிக்க ஆய்வாளர் டான் செரெக் உருவாக்கிய ‘பாயிண்ட் சப்ட்ராக்‌ஷன் அக்ரஷன் பாரடைம்’ (சுருக்கமாக பி.எஸ்.ஏ.பி.) என்ற கணினிச் சோதனை. உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றித் தடுமாறும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறை (பார்டர்லைன்) ஆராய்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஆட்டிசத்தையோ, கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி.யையோ ஆராய்பவர்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முதல் பொத்தானை ஏறக்குறைய நூறு முறை அழுத்தினால் ஒரு புள்ளி சேரும், புள்ளிக்குப் பணம் உண்டு. விரல் வலிக்க அழுத்திக்கொண்டிருக்கையில் திரையில் சட்டென ஒரு புள்ளி குறையும். வேறோர் இடத்தில் விளையாடும் எதிராளி அதைப் பறித்துவிட்டதாகப் பங்கேற்பவர் நம்பவைக்கப்படுகிறார். உண்மையில் பறிப்பது கணினிதான். இரண்டாம் பொத்தானைப் பத்து முறை அழுத்தினால் எதிராளியின் கணக்கில் ஒரு புள்ளி குறையும், அழுத்தியவருக்கு எதுவும் சேராது. மூன்றாவது, சேர்த்த புள்ளிகளைச் சற்று நேரம் காக்கும். இரண்டாம் பொத்தானை ஒருவர் எவ்வளவு நாடுகிறார் என்பதே ஆக்ரோஷத்தின் அளவு. பல வடிவங்களில் அந்தப் பொத்தானும் பறிப்பைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதால், பழிவாங்கலும் தற்காப்பும் கலந்துவிடுகின்றன என்பது இதன் பெரிய குறை.

ஆயினும் இது வெறும் விளையாட்டல்ல. வன்முறைக் குற்றப் பின்னணி கொண்ட பரோல் கைதிகள், அத்தகைய பின்னணி இல்லாதவர்களைவிட அந்தப் பொத்தானை அதிகம் அழுத்தியதை செரெக்கின் குழு 1990களில் காட்டியது. மூளைப் பகுதிகள் எவ்வளவு குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன் கொண்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், திடீர் ஆவேசமும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறும் சேர்ந்திருந்தவர்களைச் சீண்டியபோது, அச்சம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவிலும் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியிலும் குளுக்கோஸ் பயன்பாடு உயர்ந்தது. நலமானவர்களிடமோ கட்டுப்பாட்டுக்கு உதவும் மற்ற முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. கோபம் வருவது இருவருக்கும் பொதுவாக இருக்கலாம், அதை அடக்கும் விதம் வேறுபடுகிறது என்று எண்ண இடம் தரும் இந்த முடிவை, ஓய்வு நிலையில் எடுக்கும் ஸ்கேன் மட்டும் நமக்குக் கொடுத்திருக்காது.

சீண்டலுக்குப் பதிலடியாக எழும் ஆக்ரோஷத்தைத்தான் இச்சோதனை பிடிக்கிறது. ஆதாயத்துக்காகப் பதற்றமின்றித் திட்டமிட்டுத் தாக்குபவரின் போக்கு இதில் சிக்காது. இரக்கமும் குற்ற உணர்வும் குறைந்த ‘சைக்கோபதி’ பண்பு மிகுந்த ஆளுமைகளை ஆராய இது மட்டும் போதாது. ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் இரைச்சலாலோ, வழக்கமான ஒழுங்கு குலைந்ததாலோ தாக்குகிறான் என்றால், கண்ணில் படாத எதிராளி புள்ளி பறிப்பது அவன் நிலைமைக்கு எவ்விதத்திலும் பொருந்தாது. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கோ நூறு முறை அழுத்தும் சலிப்பே பொத்தானை மாற்றத் தூண்டக்கூடும். அதை ஆக்ரோஷம் என்று கணக்கில் எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

பயன்படுத்த விரும்புவோர், எதிராளி என்று யாரும் இல்லை என்ற உண்மையைச் சோதனைக்குப் பின் பொறுமையாக விளக்கக் கட்டாயம் நேரம் ஒதுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு, உறவுகளில் நம்பிக்கை எளிதில் குலையும் எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களை மற்றவர்களைவிட ஆழமாகப் புண்படுத்தக்கூடும்.