லினக்ஸ் மின்ட் 22-இல் விண்டோஸ் கேம்கள்: எது ஓடும், எது ஓடாது, ஏன்?

விண்டோஸை விட்டு வர நினைக்கும் பலரைப் பிடித்து வைத்திருப்பது கேம்தான். கதை கேம், ஸ்ட்ராட்டஜி, ரேசிங் என்று தனியாக விளையாடுபவருக்கு அந்தத் தயக்கம் இனி வேண்டாம். லினக்ஸ் மின்ட் 22-இன் சின்னமன் (திரை முகப்பின் பெயர்) பதிப்பும் வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமும் போதும். வாலரன்ட், ஃபோர்ட்நைட் மட்டுமே விளையாடுபவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடலாம்: விண்டோஸை அழிக்காதீர்கள்.

வேலையைச் செய்வது புரோட்டான். விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளை அடிப்படையாக வைத்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் கேம், திரையில் படம் வரைய டைரக்ட்எக்ஸைக் கூப்பிடும்; அந்த அழைப்பை வல்கனுக்கு, அதாவது லினக்ஸிலும் உள்ள வரைகலை இடைமுகத்துக்கு, மாற்றித் தருவது டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 12 கேம் என்றால் விகேடி3டி-புரோட்டான். இது எமுலேட்டர் இல்லை, கேமின் நிரல் நேரடியாகவே உங்கள் பிராசஸரில் ஓடுகிறது. அதனால்தான் வேகம் பெரிதாக அடிவாங்குவதில்லை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில், குறிப்பாக என்விடியா கார்டில், விண்டோஸைவிடக் கொஞ்சம் குறையும், அதை மறைப்பதற்கில்லை.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டாம், மின்ட்டிலேயே இருக்கிறது. புத்தம் புது கார்டு என்றால் மட்டும் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, பாருங்கள்: மின்ட் 22 வந்தது 6.8 கர்னலுடன், 22.2 வந்தது 6.14 உடன். 2025-இல் வந்த கார்டுக்கு இரண்டாவதுதான் சரி. என்விடியாவுக்கு டிரைவர் மேனேஜரைத் திறந்து, 'ரெக்கமண்டட்' என்று காட்டுவதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலையே ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் இங்கே ஒரு இடறல் உண்டு. டிரைவர் போடும்போது கடவுச்சொல் கேட்டிருந்தால், ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். பத்து விநாடிக்குள் எந்த விசையையும் அழுத்தாவிட்டால் திரை தானாகவே போய்விடும், டிரைவர் ஏறாது, கேம் நொண்டும். பழி லினக்ஸ் மேல் விழும்.

ஸ்டீமை சாஃப்ட்வேர் மேனேஜரில் இருந்து 'சிஸ்டம் பேக்கேஜ்' ஆகவே போடுங்கள். ஃபிளாட்பேக் (தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓடும் நிரல் வடிவம்) பதிப்பும் ஓடும். ஆனால் அது வால்வே வெளியிடுவது அல்ல, இன்னொரு டிஸ்க்கில் கேம் வைத்தால் ஃபிளாட்சீல் என்ற அனுமதிக் கருவி வழியாகத் தனி அனுமதியும் தர வேண்டும். உள்ளே போனதும் செட்டிங்ஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியைப் பாருங்கள். எல்லா கேம்களுக்கும் ஸ்டீம் ப்ளே என்ற தேர்வு அங்கே இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். புதிய ஸ்டீமில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும்.

அடுத்தது, புதிதாக வருபவர்களை அதிகம் வதைக்கும் சிக்கல். விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிய நூறு ஜிபி கேமை மறுபடி இறக்குவானேன் என்று அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்ட்டிஷனையே ஸ்டீமுக்குக் காட்டுவார்கள். 'ப்ளே' அழுத்தினால் பட்டன் சில விநாடி 'ஸ்டாப்' ஆகும், பிறகு மறுபடி 'ப்ளே' ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் 'கம்பாட்டேட்டா' என்ற கோப்புறையில் ஒரு சிறு விண்டோஸ் அமைப்பை உருவாக்குகிறது. சி டிரைவைக் குறிக்க முக்காற்புள்ளி (:) சேர்ந்த பெயரில் ஒரு இணைப்பும் அதற்குள் இருக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்பதில்லை. விளைவு, கேம் திறக்காது, அல்லது அடுத்த முறை விண்டோஸ் அந்த டிஸ்க்கைச் சோதிக்கும்போது பிழை என்று கொட்டும். கேம்களுக்கு எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை) பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, கேம் கோப்புறையை அங்கே நகலெடுத்து, ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு மீதியை மட்டும் இறக்கும்.

கேம் திறக்கிறது, இடையில் வரும் வீடியோ மட்டும் வண்ணப் பட்டைகளாக நிற்கிறது என்றால் வீடியோ கோடெக் சிக்கல். புரோட்டான்அப்-க்யூடி கருவியால் ஜிஇ-புரோட்டானை (வால்வுக்கு வெளியே உருவாகும் மாற்றுப் பதிப்பு) இறக்கி, கேமின் பிராப்பர்ட்டீஸில் அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பழைய கார்டுகளுக்கு வேறு கதை. டிஎக்ஸ்விகே 2 முதல் வல்கன் 1.3 கட்டாயம். என்விடியாவின் கெப்ளர் தலைமுறை, அதாவது ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் பெரும்பகுதி, அதை எட்டவில்லை. புரோட்டானின் பழைய பதிப்புகளைக் கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டலாம், அவ்வளவே.

எதை எந்த அமைப்போடு ஓட்டினார்கள் என்பதற்குப் புரோட்டான்டிபி தளத்தைப் பாருங்கள். தங்கம், வெள்ளி என்ற பதக்கத்தை நம்பாமல், உங்கள் கார்டு வைத்திருப்பவர் அண்மையில் எழுதிய குறிப்பைப் படியுங்கள்; ஒரே கேம் இரண்டு கார்டில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

இனி ஓடாதவை. வாலரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வான்கார்ட், விண்டோஸ் கர்னலுக்குள் டிரைவராகவே ஏறி உட்காரும். புரோட்டானில் விண்டோஸ் கர்னலே கிடையாது, அது ஏறுவதற்கு இடமில்லை. அதே வேலையைச் செய்யும் ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-இலேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன; ஆனால் கேம் நிறுவனம் சம்மதித்தால்தான் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை நிறுத்தினார்கள். ஜிடிஏ ஆன்லைனில் அதற்கு முந்தைய மாதம் பேட்டில்ஐ வந்ததோடு கதவு மூடியது. அதன் கதை கேம் மட்டும் இன்றும் ஓடுகிறது. தொழில்நுட்பம் இருந்தும் விளையாடுபவரை வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற லாஞ்சர் போதும், உள்நுழைவும் இறக்கமும் ஸ்டீம் அளவுக்கே எளிது. புரோட்டானே வேண்டாம், எல்லாமே கட்டற்றதாக இருக்கட்டும் என்பவருக்கு 0 ஏ.டி., வெஸ்னோத், சூப்பர்டக்ஸ்கார்ட், ஓப்பன்டிடிடி எல்லாம் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். இவற்றில் 0 ஏ.டி.யை வயதான லேப்டாப்பில் முயல வேண்டாம். படை பெருகப் பெருக பிராசஸர் திணறும். வெஸ்னோத் எதிலும் ஓடும்.

மின்ட்டின் குறை திரையில்தான். சின்னமன் இன்னும் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பின் மேல்தான் முதன்மையாக நிற்கிறது. எச்டிஆர் (கூடுதல் ஒளி, வண்ண வீச்சு) இல்லை, 60, 144 ஹெர்ட்ஸ் என்று இரண்டு மானிட்டர் வைத்தாலும் ஒட்டாது. அது முக்கியம் என்றால் கேடிஇ திரை முகப்பு கொண்ட பஸைட் என்ற லினக்ஸுக்குப் போங்கள். ஃபெடோரா லினக்ஸின் அணு வகை (அமைப்பை ஒரே தொகுப்பாக மாற்றும் வகை) அடித்தளம் என்பதால், அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்கே பூட் செய்யலாம். அன்றாட வேலையும் அதே கணினியில் என்றால் மின்ட்டே பழகச் சுலபம்.

மாறுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஸ்டீம் கிளவுட் இல்லாத கேம்களின் சேவ் கோப்புகளை விண்டோஸின் டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா கோப்புறைகளில் இருந்து எடுத்து வையுங்கள். லினக்ஸில் கேமை ஒருமுறை திறந்து மூடிய பிறகு, கம்பாட்டேட்டாவில் அந்த கேமின் எண்ணுக்குள் 'ஸ்டீம்யூசர்' என்ற பயனர் கோப்புறை இருக்கும். அதே பெயருள்ள இடங்களில் அவற்றை ஒட்டினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.